கவர் ஒட்டிப் படித்த பாடம்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், தொழில் செய்யும் குழுக்களுக்காகக் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குக் கடன், வட்டி, தவணை பற்றி நாங்கள் பேசப் போவதில்லை. ஆனால் பேச்சு முடியும்போது அது தவணையில்தான் வந்து நிற்கும். ஏன் என்று பிறகு புரியும்.

நம்ம கூட்டமைப்பில் துணிப்பை தைக்கிற குழு இருக்கு. மசாலாப் பொடி அரைக்கிற குழு இருக்கு. பாக்குமட்டைத் தட்டு, ஊறுகாய், நாப்கின் செய்கிற குழுக்களும் இருக்கு. இந்தக் குழுக்களின் கூட்டத்துக்கு நாங்கள் போகும்போதெல்லாம் ஒரே பேச்சுதான் காதில் விழும். "வேலை நிறைய இருக்கு சார், மேடம். ராத்திரி பகலா உழைக்கிறோம். ஆனா கையில ஒண்ணும் நிக்கல." அப்போதெல்லாம் நாங்கள் சொன்ன பதில் என்ன? "இன்னும் கொஞ்சம் வேகமாச் செய்யுங்க" என்பதுதான். அந்தப் பதில் தப்பு. அது தப்பு என்று நாங்கள் எப்படிக் கற்றுக்கொண்டோம் என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறோம்.

2000 பையும் ஒரு சண்டையும்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது உங்களுக்குத் தெரியும். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. அதற்குப் பிறகு துணிப்பை கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள். நம்ம குழு ஒன்றுக்கு 2000 பை ஆர்டர் கிடைத்தது. ஏழு பேர் சேர்ந்து வேலை செய்தார்கள். ஒருவர் வெட்ட, ஒருவர் அச்சுப் போட, மூன்று பேர் பக்கம் தைக்க, ஒரு அக்கா கைப்பிடி வைக்க, இன்னொருவர் நூல் கத்தரித்துச் சரிபார்த்து அடுக்கினார்.

பதினாறு நாள் வேலை நடந்தது. கைப்பிடி வைக்கிற அக்கா முன்னால் எப்போதும் ஒரு மலை மாதிரிப் பை குவிந்து கிடக்கும். மற்றவர்கள் முதலில் ஜாடையாகப் பேசினார்கள், பிறகு நேராகவே பேசினார்கள். "உன்னாலதான் எல்லாமே தேங்குது." நாங்களும் போய், "அக்கா, கொஞ்சம் சீக்கிரம் பாருங்களேன்" என்றோம். அவரும் பாவம், சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுத் தைத்தார்.

கடைசி இரண்டு நாளில்தான் சரிபார்க்கிறவர் கைக்குப் பெரும்பாலான பை வந்து சேர்ந்தது. பார்த்தால் 340 பையில் கைப்பிடி ஒன்று நீளம், ஒன்று குட்டை! பையைத் தூக்கினால் ஒரு பக்கமாகச் சாய்கிறது. பிரித்துத் தைக்க இரண்டு ராத்திரி ஆனது. அப்படியும் சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியவில்லை. வாங்கினவர் பணத்தில் பிடித்துக்கொண்டார். அந்த மாதத் தவணையைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினார்கள். கைப்பிடி தைத்த அக்கா அடுத்த கூட்டத்துக்கே வரவில்லை. "நான் குழுவிலிருந்து விலகிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு குழு உடைவதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. ஒருத்தர் மேல் பழி விழுந்தால் போதும்.

பாடம் நடத்தினோம், தூக்கம் வந்தது

பிறகு நாங்கள் ஒரு பயிற்சிக்குப் போனோம். சிறிய தொழிற்கூடங்களில் வீண் வேலையைக் குறைப்பது பற்றிய பயிற்சி. அதற்கு 'லீன்' என்று பெயர். சதை போடாமல் கட்டாக இருக்கிற உடம்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெயரை 1988-இல் ஜான் கிராஃப்சிக் என்ற ஆராய்ச்சியாளர் வைத்தார். முறை மட்டும் ஜப்பானில் டொயோட்டா கார் கம்பெனியில் வளர்ந்தது.

கார் கம்பெனிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் தறியில் இருக்கிறது. அந்தக் கம்பெனிக்கு முன்னோடியான சாகிச்சி டொயோடா ஒரு தச்சரின் மகன். அவர் முதலில் செய்தது கார் அல்ல, கைத்தறி. 1891-இல் ஒரு மரத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார். 1924-இல் அவரும் மகனும் சேர்ந்து, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடுகிற தறியைக் கொண்டுவந்தார்கள். நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கெஜக் கணக்கில் துணி பாழாகும். நின்றுவிட்டால் அந்த ஒரு இழையை முடிச்சுப் போட்டால் போதும். 'தப்பு நடந்த இடத்திலேயே நிறுத்து' என்ற பாடம் அங்கேதான் பிறந்தது. 1937-இல் கார் கம்பெனி தொடங்கியது. அங்கே தைச்சி ஓனோ என்ற பொறியாளர் இன்னொரு பாடத்தைச் சேர்த்தார். அமெரிக்காவின் சூப்பர் மார்க்கெட் கடைகளில், அலமாரியில் எந்தச் சாமான் குறைகிறதோ அதை மட்டும் திரும்ப நிரப்புவார்கள். அதே மாதிரி, அடுத்தவருக்குத் தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் செய்தால் போதும் என்பது அந்தப் பாடம்.

இதையெல்லாம் நாங்கள் சார்ட் எழுதி, சுவரில் ஒட்டி, அந்தத் தையல் குழுவுக்குச் சொன்னோம். அரை மணி நேரத்தில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். ஒரு அம்மா வெளிப்படையாகவே சொன்னார், "நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்களுக்குச் சோறு வடிக்கிற நேரமாச்சு."

அவர் சொன்னது நியாயம். சமையலைப் புத்தகம் படித்து யாரும் கற்றுக்கொள்வதில்லை. அடுத்த முறை நாங்கள் சார்ட்டை எடுத்துப் போகவில்லை. பழைய பேப்பர், மைதாப் பசை, இரண்டு வெண்டைக்காய், கொஞ்சம் மை, இவ்வளவுதான் எடுத்துப் போனோம்.

முதல் ஆட்டம்

ஐந்து பேரை வரிசையாக உட்கார வைத்தோம். கைப்பிடி தைத்த அக்காவையும் வீட்டுக்குப் போய் அழைத்து வந்தோம். "விளையாட்டுத்தான், சும்மா வாங்க" என்றோம். வேலை என்னவென்றால், கடலைக் கவர் செய்ய வேண்டும். முதல் ஆள் பேப்பரின் வாய் விளிம்பை இரண்டு விரல் அகலம் மடிக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் ஒட்ட வேண்டும். மூன்றாமவர் அடியை மடித்து ஒட்ட வேண்டும். நாலாமவர் வெண்டைக்காயை மையில் தொட்டுப் பூ முத்திரை வைக்க வேண்டும். கடைசி ஆள் சரிபார்க்க வேண்டும். ஆர்டர் 20 கவர். ஒருத்தர் செல்போனில் நேரம் பார்த்தார்.

முதல் ஆட்டத்தின் விதி நாம் வழக்கமாக வேலை செய்கிற விதிதான். பத்துப் பத்தாகச் செய்து, கட்டாக அடுத்தவரிடம் தள்ள வேண்டும்.

ஒரு கவருக்கு மடிக்க 10 நொடி, பக்கம் ஒட்ட 15 நொடி, அடி ஒட்ட 25 நொடி, முத்திரைக்கு 10 நொடி, சரிபார்க்க 5 நொடி பிடித்தது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 65 நொடி வேலை. ஆனால் முதல் கவர் சரிபார்க்கிறவர் கையில் முடிந்து வந்தபோது 10 நிமிஷம் ஆகியிருந்தது! அதுவரைக்கும் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடி ஒட்டுகிறவர் முன்னால் குவியல். "சீக்கிரம், சீக்கிரம்" என்று எல்லாரும் கத்தினார்கள். அவருக்குக் கை நடுங்கிப் பசை முந்தானையில் கொட்டியது. அங்கே உட்கார்ந்திருந்தது கைப்பிடி அக்கா அல்ல. அவரை வேகக்காரி என்று குழுவே பாராட்டுகிற இன்னொரு பெண்.

அப்போதுதான் கைப்பிடி அக்கா முதல்முறையாக வாய் திறந்தார். "இப்பத் தெரியுதா?" என்றார். அவ்வளவுதான். யாரும் பேசவில்லை.

20 கவரும் முடிய 15 நிமிஷம் ஆனது. கடைசியில் ஒரு அதிர்ச்சியும் இருந்தது. முதல் ஆளிடம் நாங்கள் ரகசியமாக, "வாயை மூணு விரல் அகலம் மடிங்க" என்று சொல்லி வைத்திருந்தோம். சரிபார்க்கிறவர் அளந்து பார்த்தால் 20-ம் தப்பு! அவர் முதல் கவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே மடிக்கிற வேலை மொத்தமும் முடிந்து போயிருந்தது. பக்கம் ஒட்டினவர் சொன்னார், "எனக்கு அகலமாத்தான் தெரிஞ்சுது. ஆனா அது என் வேலை இல்லையேன்னு விட்டுட்டேன்." 340 கைப்பிடிக்கும் இதே கதைதான் நடந்திருக்கிறது என்று நாங்கள் சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது.

இரண்டாவது ஆட்டம்

அதே ஐந்து பேர், அதே வேலை, அதே இடம். விதி மட்டும் மாறியது. இரண்டு பேருக்கு நடுவில் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டோம். அதில் ஒரு கவர்தான் இருக்கலாம். கட்டம் காலியானால் செய்து வை. கட்டத்தில் கவர் இருந்தால் செய்யாதே, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு.

"சும்மா இருக்கிறதா?" என்று ஒரு அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. பெண்கள் நாம் சும்மா இருந்தால் பாவம் என்றே வளர்ந்தவர்கள். ஆனால் தேவையில்லாத கவரை மடித்து அடுத்தவர் தலையில் குவிப்பதைவிடச் சும்மா இருப்பது மேல். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன கஷ்டம் என்று கண்ணால் பார்க்கலாமே!

இந்தத் தடவையும் முதல் ஆளிடம் ஒரு தப்பைச் சொல்லி வைத்தோம். ஆனால் முதல் கவர் ஒரு நிமிஷம் கொஞ்சத்திலேயே சரிபார்க்கிறவர் கைக்கு வந்துவிட்டது. "நிறுத்துங்க!" என்று சத்தம் போட்டார். எண்ணிப் பார்த்தால் ஆறு கவர்தான் கெட்டிருந்தது. திருத்தி, திரும்பவும் தொடங்கி, 20 நல்ல கவரையும் முடித்தபோது மொத்தமே 10 நிமிஷம்தான். யாரும் வேகமாகச் செய்யவில்லை. யாரும் கத்தவும் இல்லை.

மூன்றாவது ஆட்டம்

"இப்ப நீங்களே சொல்லுங்க, எங்கே தேங்குது?" என்று கேட்டோம். அடி ஒட்டும் இடத்தில் என்று எல்லாருமே கை காட்டினார்கள். ஆனால் இந்தத் தடவை யாரும் ஆளைக் காட்டவில்லை, வேலையைத்தான் காட்டினார்கள். அந்த வேலைக்கு 25 நொடி. மற்றவர்களுக்கு 10, 15, 5. "சரிபார்க்கிறதையும் முத்திரை வைக்கிறவங்களே பார்த்துக்கட்டும். அந்த ஆள் அடி ஒட்ட வரட்டும்" என்று யோசனை வந்தது. யோசனை சொன்னது யார் தெரியுமா? கைப்பிடி அக்காதான்.

அப்படியே செய்தார்கள். 20 கவர் ஆறு நிமிஷத்தில் முடிந்தது. பதினைந்து நிமிஷம் எங்கே, ஆறு நிமிஷம் எங்கே! அதே பத்துக் கைகள்தான்.

தையல் கூடத்தில் என்ன மாற்றினார்கள்?

விளையாட்டு முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. மெஷின் பக்கம் போனார்கள். புதிதாக மெஷின் வாங்கவில்லை. கடனும் வாங்கவில்லை. செய்தது இவ்வளவுதான்:

ஒன்று, 50 பை கட்டுவதை நிறுத்திவிட்டு ஐந்து ஐந்தாக நகர்த்தினார்கள். தையலில் ஒவ்வொன்றாக நகர்த்தினால் எழுந்து நடப்பதே வேலையாகிவிடும். ஐந்து என்பது அவர்களே பார்த்து வைத்த கணக்கு.

இரண்டு, கைப்பிடி நீளத்துக்கு ஒரு மரச்சட்டத்தை அளவாக அறுத்து வைத்தார்கள். சட்டத்தில் வைத்து வெட்டினால் நீளம் குட்டை வர வழியே இல்லை. தப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட, தப்பு நடக்கவே முடியாதபடி செய்வது நல்லது.

மூன்று, பக்கம் தைக்கிற மூவரில் ஒருவர் கைப்பிடிக்கு மாறினார். ஒவ்வொருவரும் இரண்டு வேலையாவது பழக வேண்டும் என்று தீர்மான நோட்டிலேயே எழுதினார்கள். ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டாலும் வேலை நிற்காது.

நான்கு, மெஷின்களை வேலை வரிசைப்படி பக்கத்துப் பக்கத்தில் போட்டார்கள். கத்தரிக்கோல், நூல்கண்டு, அளவு டேப் ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஓர் ஆணி. ஆணி காலியாக இருந்தால் பொருள் வெளியே இருக்கிறது என்று அர்த்தம். அஞ்சறைப்பெட்டியில் கடுகு எங்கே என்று நாம் தேடுகிறோமா? அதே மாதிரிதான்.

ஐந்து, தப்பைக் கண்டவர் யாராக இருந்தாலும் "நிறுத்து" என்று சொல்லலாம். சொன்னவரை யாரும் திட்டக் கூடாது.

அடுத்து வந்த ஆர்டர் 500 பை. முன்பு ஒரு நாளைக்கு 125 பை முடிந்தது. இந்தத் தடவை மூன்று நாளில் 500-ஐயும் முடித்தார்கள். ராத்திரி வேலை கிடையாது. திரும்பி வந்த பை ஒன்றுகூட இல்லை. அந்த மாதத் தவணையைச் சேமிப்பில் கை வைக்காமல் கட்டினார்கள்.

கூலியை எப்படிப் பிரிப்பது?

இதையெல்லாம் இன்னொரு குழுவில் சொன்னபோது ஒரு தங்கச்சி நறுக்கென்று கேட்டார். "வேலை சீக்கிரம் முடிஞ்சா எங்க கூலி நாள் குறையுமே?" நல்ல கேள்வி. இதை மழுப்பக் கூடாது. நாள் கூலி என்றால் நாள் குறையும். பீஸ் கூலி என்றால், "எனக்குப் பீஸ் கணக்கு, நான் ஏன் அடுத்தவளுக்கு உதவணும்?" என்ற எண்ணம் வரும். ஆகவே ஆட்டத்தை ஆடும் முன்பே குழுவில் உட்கார்ந்து தீர்மானம் போடுங்கள். அந்தத் தையல் குழு என்ன செய்தது? ஒரு பைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கணக்கிட்டு, வந்த நாளைப் பொறுத்துப் பிரித்துக்கொண்டது. மிச்சமான நாளில் சட்டைப்பை வைத்த பை, மடித்து வைக்கிற பை என்று புதுசு தைத்துப் பார்த்தது. நம்ம தொழிலில் நாமேதான் முதலாளி, நாமேதான் தொழிலாளி. மிச்சமாகும் நேரம் நமக்கே சேர வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைகள் சிலர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே இந்தப் பெயரைச் சொல்லி ஆளைக் குறைத்து, இருக்கிறவரை ஓட ஓட விரட்டினால், அது பெயரை மட்டும் எடுத்துக்கொண்ட வேலை. விரட்டுவது இந்த முறையில் இல்லை. வேலை செய்கிறவரை மதித்து அவரிடமே யோசனை கேட்பதும் இதில் பாதி. கைப்பிடி அக்காவை விரட்டியபோது ஒன்றும் நடக்கவில்லை. அவரிடம் கேட்டபோதுதான் வழி கிடைத்தது.

உங்கள் குழுவில் ஆடிப் பாருங்கள்

தொழில் செய்கிற ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 60, 70 பேப்பர் போதும். மூன்று ஆட்டம் ஆடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்றே விஷயத்தை நோட்டில் எழுதுங்கள்: முதல் கவர் எப்போது வந்தது, 20-ம் எப்போது முடிந்தது, கெட்டது எத்தனை. தலைவி மட்டும் ஆடாமல், எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களையும் உட்கார வையுங்கள். இதற்குக் கண்ணும் கையும் போதும்.

பிறகு உங்கள் வேலைக்கூடத்துக்குள் போய் ஒரு சுற்றுப் பாருங்கள். எங்கே குவிந்து கிடக்கிறது? யார் காத்துக்கொண்டிருக்கிறார்? எதைத் தேடி நடக்கிறோம்? கேட்காத சரக்கை எவ்வளவு செய்து அடுக்கியிருக்கிறோம்? வண்டு விழுந்த மல்லிப்பொடி மூட்டையும் முடங்கிய பணம்தான். அதற்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

தொழிலை உத்யம் தளத்தில் பதிவு செய்த குழுக்களுக்கு ஒரு தகவல். சிறு தொழில்களில் இந்த முறையைக் கொண்டுவர மத்திய அரசு 2023 மார்ச் 10-இல் ஒரு லீன் திட்டத்தைத் தொடங்கியது. ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசே ஏற்பது என்றும், பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு மேலும் 5 சதவீதம் என்றும் அப்போது அறிவித்தார்கள். திட்ட விதிகள் மாறக்கூடியவை. ஆகவே விண்ணப்பிக்கும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் இப்போதைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பேப்பரும் பசையும் வாங்க யாருடைய மானியமும் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. அந்தக் கைப்பிடி அக்கா விலகவில்லை. மூன்றாவது ஆட்டம் முடிந்ததும், அவரை அதிகம் திட்டின பெண்ணே எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். நாங்களும் அன்றைக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். இப்போது பக்கத்து ஊராட்சிக் குழுக்களுக்கு இந்தக் கவர் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுப்பது அவர்தான். வெண்டைக்காயை அவரே வீட்டுத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்துவிடுகிறார்.

அடுத்த முறை உங்கள் குழுவில் வேலை தேங்கினால், யாரால் என்று கேட்காதீர்கள். எங்கே என்று கேளுங்கள்.